கொலைகாரனுக்கு றகரம் வராது

சிங்கப்பூரில் டன்லப் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அச்சகத்தில் நான் சேர்ந்தது பெட்டி கட்டும் வேலைக்கு. கல்யாணப் பத்திரிகைகள், கோயில் அறிவிப்புகள், கடைகள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் நாட்காட்டிகள், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு என்று அங்கே அச்சாகும். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையை அடுக்கும்போது 'மணமகள்' இருக்க வேண்டிய இடத்தில் 'மனமகள்' இருப்பதைப் பார்த்து முதலாளியிடம் காட்டினேன். அவர் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து தாத்தா காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பத்துக்காரர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பத்திரிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்டார். தேவையான அளவு என்றேன். மறுநாள் முதல் எனக்கு ஜன்னலோர மேசையும் ஒரு சிவப்புப் பேனாவும் கிடைத்தன.

நான் படித்தது உயர்நிலை இரண்டு, அதாவது எட்டாம் வகுப்பு வரை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை நிறுத்தினேன். அம்மா போன பிறகு பள்ளிக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு பயணக் கப்பலில் துணி துவைத்தேன், மருத்துவமனையில் தரை துடைத்தேன், ஜோகூரில் தையல் தொழிற்சாலையில் காலர் தைத்தேன், பூச்சரம் கட்டினேன், உணவங்காடியில் தட்டு கழுவினேன். எந்த வேலையிலும் வேர் விட்டதில்லை. ஒரு நாள் காலையில் போகாமல் இருந்துவிடுவதுதான் என் ராஜினாமாக் கடிதம்.

தமிழ் வந்தது கேலாங்கில். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்தபோது, வீடு காலி செய்த யாரோ ஒரு தடித்த தமிழ் அகராதியைக் குப்பைத் தொட்டியருகே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காவல் கூண்டில் வேறு வேலை இல்லை. அ முதல், கதை படிப்பதுபோல் படித்துக்கொண்டு போனேன். இரண்டு வருடத்தில் 'மா' வரை வந்திருந்தேன். அப்போது எங்களை அனுப்பிவிட்டுக் கேமரா வைத்தார்கள். அகராதி கூண்டிலேயே தங்கிவிட்டது. அதனால் 'மா' வரை எனக்குத் தமிழில் பயமே கிடையாது. அதற்கப்பால் கொஞ்சம் பார்த்துத்தான் காலை வைப்பேன். இதை நான் பாயிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த மேசைக்கு வந்த எட்டாவது மாதத்தில்தான் கொலைகாரன் வந்து சேர்ந்தான்.

எழுதியவள் பாலிடெக்னிக்கில் உணவு அறிவியல் படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண். பதின்ம வயதினருக்கான கொலைக்கதை. முதல் பாகம் வேறோர் இடத்தில் அச்சாகி இளையர்களிடம் நன்றாக ஓடியிருந்தது. தீவில் பள்ளி முகாம், முகமூடி போட்ட ஒருவன், கையில் பாராங் கத்தி. கடைசியில் மாணவர்களில் நாலு பேர்தான் உயிரோடு படகேறுகிறார்கள். எங்களிடம் வந்தது இரண்டாம் பாகம். ஒரு வருடம் கழித்து அந்த நாலு பேரைப் பற்றியும் கைப்பேசிகளில் செய்திகள் பரவுகின்றன. முகாமில் யாருமே சாகவில்லை, எல்லாம் நாடகம் என்று முதலில். பிறகு, செத்தது உண்மைதான், ஆனால் கொன்றது இந்த நாலு பேர் என்று. கத்தியிடமிருந்து தப்பியவர்கள் இப்போது கதையிடமிருந்து தப்ப வேண்டும். நன்றாகத்தான் யோசித்திருந்தாள்.

அச்சுப்படிகளை நான் காஸ்வே பாலத்தில் திருத்தினேன். சிங்கப்பூர்க்காரியாக இருந்தாலும் நான் வாடகைக்கு இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில். தினமும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வந்து போவேன். பேருந்து நகராத நேரத்தில் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாளை முன்னால் நிற்பவரின் முதுகுப்பையில் வைத்துத் திருத்துவேன். முதுகுப்பைக்காரர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைப் பிள்ளைகள். திரும்பிப் பார்ப்பார்கள், கழுத்து வெட்டப்படும் பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொள்வார்கள்.

பெண்ணின் தமிழ் உயிருள்ள தமிழ்தான். ஆனால் எழுத்துகள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. முகமூடிக்காரன் ஓரிடத்தில் வாளுக்குப் பதிலாக வாலை ஓங்கினான். கதாநாயகி அறைக்குள் ஒளியாமல் அரைக்குள் ஒளிந்தாள். ஒருவன் இன்னொருவனிடம் என்னைக் கொல்லாதே என்று கெஞ்சுவதற்குப் பதில் என்னைக் கொள்ளாதே என்று கெஞ்சினான். இவற்றையெல்லாம் வட்டமிட்டுச் சரிசெய்துகொண்டே போனேன்.

எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது ஒரே பிழை. 'இறந்தார்கள்' என்று பெரிய ற போட வேண்டிய இடத்தில் 'இரந்தார்கள்' என்று சின்ன ர. பெரிய ற போட்டால் செத்தார்கள். சின்ன ர போட்டால் பிச்சை கேட்டார்கள். 'முகாமில் யாரும் இரக்கவில்லை' என்று ஒரு செய்தி. 'இரந்ததாகச் சொல்லப்படுபவர்கள் மலேசியாவில் நலமாக உள்ளனர்' என்று இன்னொன்று. சுவரில் எழுதியிருந்த பழைய மிரட்டலைக் கதாநாயகி நினைத்துப் பார்க்கும் இடத்திலும் 'நீயும் இரப்பாய்'. நீயும் பிச்சை எடுப்பாய். இப்படி மிரட்டினால் யார் பயப்படுவார்கள் என்று சிரித்துக்கொண்டே பதினேழு இடங்களிலும் பெரிய ற போட்டேன். 'இ' எல்லாம் அகராதியில் எனக்கு முதல் மழைக்காலத்திலேயே முடிந்துவிட்ட பகுதி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாய் கணினியில் மாற்றி, அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். அவளுக்குப் பரீட்சை நேரம். நாற்பது தடவை படித்த கதையை நாற்பத்தோராவது தடவை படிக்க அவளுக்கு மனமில்லை. அட்டையையும் நன்றியுரையையும் பார்த்துவிட்டு ஓக்கே என்று பதில் போட்டாள். புத்தகம் அச்சானது.

இரண்டு வாரம் கழித்து மாடிப்படி ஏறி வந்தாள். மெலிந்த பெண். தோளில் துணிப்பை, கையில் புத்தகம். என்னை ஒரு முறை பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேராகப் பாயின் மேசைக்குப் போனாள்.

"அங்கிள், என் கொலைகாரன் ஸ்பெல்லிங் டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டான்."

பாய்க்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவள் உட்கார்ந்து விளக்கினாள். முதல் பாகத்தில் 'நீயும் இரப்பாய்' என்று வந்தது அவளே செய்த உண்மையான பிழை. அதற்காகப் பள்ளிகளிலும் இணையத்திலும் அவளை ஓட்டி எடுத்திருக்கிறார்கள். கொலைகாரனா, பிச்சைக்காரனா என்று கேட்டார்களாம். அவள் ஒரு வருடம் அந்த வெட்கத்தைச் சுமந்துவிட்டு, அதையே இரண்டாம் பாகத்தின் சாவியாக ஆக்கியிருந்தாள். அந்தப் பிழை என்னுடையதல்ல, கொலைகாரனுடையது என்றாள். அவனுக்கு றகரம் வராது. பொய்ச்செய்திகள் எல்லாவற்றிலும் அதே சின்ன ர இருப்பதைக் கதாநாயகி கவனிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் முகாமில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரையும் அஞ்சலிப் பலகையில் ஒரு வரி எழுதவைக்கிறாள். முகாம் பயிற்றுநர் 'இரந்தவர்களுக்கு அஞ்சலி' என்று எழுதுகிறார். எழுத்தைப் பாருங்கள் என்று அவள் கத்துகிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதியவள் விளக்கவில்லை. படிக்கிறவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

அச்சான புத்தகத்தில் பயிற்றுநர் 'இறந்தவர்களுக்கு அஞ்சலி' என்று எல்லாரையும்போல அழகாக எழுதுகிறார். கதாநாயகி எழுத்தைப் பாருங்கள் என்று கத்துகிறாள். போலீஸ் வந்து அவரைக் கைது செய்துகொண்டு போகிறது. சரியாகத் தமிழ் எழுதிய குற்றத்துக்காக.

எழுத்தைப் பாருங்கள் என்ற வரியை நான் படித்தபோது கையெழுத்தைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். தமிழில் இரண்டும் எழுத்துதானே. இப்போது மேசையில் இருந்த சிவப்புப் பேனாவை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினேன்.

யார் இதை மாற்றியது என்று அவள் கேட்டாள். பாய் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் கணினித் திரையை அவ்வளவு உற்றுப் பார்த்தார். பிறகு எழுத்துரு கோளாறாக இருக்கும்மா என்றார். பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றும்போது சில எழுத்துகள் இப்படிப் புரண்டுவிடும் என்று நீளமாகச் சொன்னார். தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் எதற்கும் சொல்லும் காரணம் அது. நான் இழுப்பறையை முழுவதுமாக மூடினேன்.

அவள் கோபப்படவில்லை. அதற்கு நேரமில்லை. வேறொன்று ஏற்கெனவே தொடங்கியிருந்தது. யாரோ ஒரு பையன் காணொளி போட்டிருந்தான். தமிழ் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் முடிவில் தலையும் இல்லை காலும் இல்லை, இது மனிதர் எழுதியது மாதிரித் தெரியவில்லை, ஏஐ எழுதியிருக்கிறது என்று. பள்ளிகளுக்குத் தமிழ்க் கதைப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் தொண்டூழியக் குழு ஒன்று இந்தப் புத்தகத்தை ஏறக்குறைய எடுத்திருந்தது. இப்போது கொஞ்சம் பொறுங்கள், பத்து நாள் கழித்து வரும் சனிக்கிழமை நேரில் வந்து விளக்கம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலையே அவள் இணையத்தில் பாயின் காரணத்தை அப்படியே எழுதினாள். எழுத்துரு கோளாறு. அது தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. எந்த எழுத்துரு அது என்று கேட்டார்கள். 'வருவார்' என்பதில் உள்ள சின்ன ரகரத்தை விட்டுவிட்டு, 'இரந்தார்' என்பதில் உள்ளதை மட்டும் மாற்றுகிறதே, அதற்கு இலக்கணம் தெரியுமா என்று கேட்டார்கள். இலக்கணம் தெரிந்த எழுத்துரு என்றால் அது ஏஐதானே என்று முடித்தார்கள். நியாயமான கேள்விதான். அந்த எழுத்துருவுக்கு ஐம்பத்து மூன்று வயது, முட்டிவலி உண்டு, தினமும் காஸ்வேயில் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள்களில் செய்தி வளர்ந்தது. முதல் பாகத்தையும் அவள் எழுதவில்லை என்றார்கள். அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாதாம். பிறகு அப்படி ஒரு பெண்ணே கிடையாதாம், அட்டையில் இருக்கும் படமும் செய்யப்பட்டதாம். மளிகைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை என்னிடமே காட்டி, பாருங்க அக்கா, காலம் எப்படிப் போகுது என்று வருத்தப்பட்டார். நானும் அவரோடு சேர்ந்து வருத்தப்பட்டேன்.

ஒரு வாரம் அப்படிப் போயிற்று. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திங்கள்கிழமை அச்சகத்துக்குப் போகாமல் இருந்துவிடுவது. சாங்கியில் சரக்குக் கிடங்கு ஒன்றில் ஆள் எடுப்பதாகத் தெரிந்த பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். அங்கே பிழை செய்தால் பெட்டி மட்டும்தான் தவறான ஊருக்குப் போகும்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. என் எண்ணைப் பாயிடம் வாங்கியிருக்கிறாள். "ஆன்ட்டி, என் கதைய முழுசா படிச்சது நீங்க ஒருத்தர்தான். அச்சுக்கு முன்னாடி லாஜிக் சரியாத்தானே இருந்துச்சு? சனிக்கிழம வந்து அத மட்டும் சொல்ல முடியுமா?"

என் ஜன்னலோர வாழ்க்கையில் யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. அதுவும் நான் செய்த காரியத்துக்கு எதிராக. அவளிடம் கணினியில் மூலப்படி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, காட்டினேன், அதையும் நான் நேற்றுத்தான் செய்ததாகச் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. தேதியைக் காட்டினாளாம். தேதியையும் மாற்றலாம் என்றார்களாம்.

வீட்டில் அடுப்புக்கு அடியில் உள்ள தட்டில் தாள் விரித்திருப்பேன். எண்ணெய் சொட்டினால் துடைக்கச் சுலபம். அச்சகத்துப் பழைய திருத்தப்படிகளைத்தான் அதற்குக் கொண்டுவருவது. அந்த வியாழக்கிழமை பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். கதை முழுவதும் அங்கேதான் இருந்தது. பதினேழு சிவப்பு வட்டங்களும் இருந்தன. எதுவும் அழியவில்லை. நல்ல பேனா.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் தாள்களைப் பார்த்தார், மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீ இதக் கொண்டுபோய்க் குடுத்தா நம்ம கடைக்கு என்ன பேரு வரும் தெரியுமா?"

"தப்பே விடாத கடைன்னு வரும் பாய்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மனிதரால் மறுக்க முடியாது. சரி, நானும் வர்றேன் என்றார். எழுத்துருவைக் கூட்டிவந்தது நான்தானே என்றார்.

கேலாங் பக்கத்தில் ஒரு சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் அந்தக் கூட்டம். பிற்பகல் மூன்று மணி. உள்ளே கூப்பிடும் முன் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கீழே பூப்பந்து ஆடும் சத்தம். நான் உறையைப் பிரித்து, தாள்களை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன். மாற்றியது நான்தான் என்று சொன்னேன். பிழை என்று நினைத்துச் செய்தேன், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

அவள் தாளைப் புரட்டினாள். ஒவ்வொரு வட்டத்திலும் நின்று, அடுத்ததற்குப் போனாள். கடைசி அத்தியாயம் வரை அப்படித்தான். பாய் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா நான் மனுஷியே இல்ல, ஆன்ட்டி," என்றாள். குரல் உயரவில்லை. "எங்க வீட்லயே எங்க சித்தி கேட்டாங்க, நெசமாவே நீதான் எழுதுனியான்னு."

பல இடங்களில் திட்டு வாங்கியிருக்கிறேன், கப்பலில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியை எறிந்திருக்கிறார். அதெல்லாம் கடந்துபோகும். இது அப்படிப் போகவில்லை. அவள் தாள்களைத் தட்டி நேராக்கினாள். பிறகு சிவப்பு வட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"பதினேழும் புடிச்சிருக்கீங்க. எங்க டீச்சரா இருந்தா பதினாறுதான் புடிச்சிருப்பாங்க லா."

மன்னித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் தாள்களை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

குழுவின் தலைவி ஒரு பள்ளியில் துணை முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். பக்கத்தில் இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது என் தகுதியைத்தான். எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலமாக மெய்ப்புப் பார்க்கிறீர்கள் என்று. மழுப்ப நினைத்தேன். மழுப்பினால் அந்தப் பெண்ணின் வழக்கு கெட்டுவிடும். உயர்நிலை இரண்டு என்றேன். அகராதியைச் சொன்னேன். 'மா' வரை என்பதையும் சொன்னேன்.

பாய் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். "'மா' வரைக்கும்தானா? இத்தன மாசமா முருகன் கோயில் நோட்டீஸ் எல்லாம் நீதானம்மா பாத்த."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திச் சிரித்தார்கள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் நீட்டிய தாள்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தக் கறை என்ன என்று கேட்டார். இக்கான் பிலிஸ் பொரித்த எண்ணெய் என்றேன். முகர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் சந்தேகிக்கவில்லை. கணினித் தேதியை நம்பாதவர்கள்கூட நெத்திலி வாசனையை நம்பித்தான் ஆக வேண்டும். எழுத்துரு கதை தன்னுடையது என்று பாய் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு.

இந்தப் புத்தகம் இந்தப் பெண் எழுதியதுதான் என்று குழு எழுதிக்கொடுக்கும் என்றார் தலைவி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. ஒரு சிக்கல் இருக்கிறது என்றார். அச்சாகியிருப்பதுபோல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளக் குழுவுக்குத் தடையில்லை, தமிழ் சுத்தமாக இருக்கிறது. மாற்றி அச்சடித்தால்தான் கஷ்டம். பதினேழு இடத்தில் தவறான எழுத்து உள்ள புத்தகத்தைப் பள்ளிக்கு எப்படி அனுப்புவது? பிள்ளைகள் அதையே எழுதிவைப்பார்கள். பெற்றோர் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

ஆக, பிழை இல்லாத புத்தகத்தில் கதை இல்லை. கதை உள்ள புத்தகத்தில் பிழை இருக்கிறது. அவர் அந்தப் பெண்ணிடம் எது வேண்டும் என்று கேட்டார்.

அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "கத இல்லாத புத்தகத்துல என் பேரு வேணாம், டீச்சர். ஸ்கூலுக்குப் போகலன்னா பரவால்ல."

அப்போது பாய் ஒரு யோசனை சொன்னார். நாட்காட்டி அடித்த பிறகு விடுமுறை நாள் மாறிவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? நாட்காட்டியைத் தூக்கிப் போடுவதில்லை. சின்னச் சீட்டு அடித்து ஒட்டுவோம். இதிலும் ஒட்டலாம். புத்தகத்துக்குள் சரியான எழுத்து அப்படியே இருக்கட்டும். பிழையைச் சீட்டில் கொடுப்போம்.

வழக்கமான பிழைதிருத்தச் சீட்டில் தவறை இடப்பக்கமும் சரியை வலப்பக்கமும் போடுவார்கள். இதில் தலைகீழ். தலைவி முதல் முறையாகச் சிரித்தார். அப்போதுதான் அவருக்கு ஒரு பக்கத்துப் பல் கொஞ்சம் வெளியே நிற்பது தெரிந்தது, முகமே மாறிவிட்டது. முன்பக்கம் ஒட்டினால் கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும் என்று அந்தப் பெண் தடுத்தாள். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒட்டுங்கள், படித்து முடித்தவர்கள் திரும்பிப் போய்த் தேடட்டும் என்றாள். அப்படியே முடிவானது.

சீட்டை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. தலைப்புக்கு 'பிழைசேர்ப்பு' என்று போட்டேன். முதல் வரி இப்படி: 'பக்கம் 41, வரி 6: இறந்தார்கள் என்று சரியாக அச்சாகிவிட்டது. இரந்தார்கள் என்று தவறாகப் படிக்கவும்.' இப்படிப் பதினேழு வரி. கீழே, இந்தச் சரிகளுக்கு அச்சகத்தின் பிழை திருத்துநரே பொறுப்பு என்று அந்தப் பெண் ஒரு வரி சேர்த்தாள். பேர் போடவில்லை. பெருந்தன்மை.

நான்கு பிற்பகல்கள் மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒட்டினோம். அவள் பசையை அளவாகத் தடவுவாள், உணவு அறிவியல் படிப்பவள் அல்லவா. பாய் கோணலாக ஒட்டுவார். நான் ஒவ்வொன்றையும் பிரித்து நேராக ஒட்டப்போனபோது, விடுங்க ஆன்ட்டி, உங்களுக்கு இது ஒரு வியாதி என்றாள். அந்தத் திங்கள்கிழமை சாங்கிக் கிடங்குக்கு நான் போகவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

குழு புத்தகத்தை எடுத்துக்கொண்டது. காணொளி போட்ட பையன் இன்னொரு காணொளி போட்டான். சீட்டைப் பார்த்தபடி திரும்பப் படித்தேன், மயிர் கூச்செறிந்தது என்றான். முதலில் சொன்னது தவறு என்று மட்டும் அவன் சொல்லவில்லை. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சித்தி பத்துப் படி வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்.

சில வாரம் கழித்து உட்லண்ட்ஸில் ஒரு பள்ளி நூலகத்தில் அவளைப் பேச அழைத்தார்கள். எனக்கு வழியில்தான் இருந்தது, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும். கையில் புத்தகம், பக்கங்களில் பென்சிலால் சின்ன ர. யந்திரம் எழுதியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பயிற்றுநருக்கு ஏன் அவ்வளவு கோபம், மூன்றாவது கொலையில் கதவு எப்படித் திறந்தது, அந்த நாலு பேரில் யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டார்கள். எழுதியவளைக் கேட்க வேண்டிய கேள்விகள். அவளும் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். நடுவில் தமிழ் வராத இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவி, மறுபடி தமிழுக்குத் தாவினாள்.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு சிறுமி எழுந்தாள். கடைசிப் பக்கத்துச் சீட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இந்தப் பிழை திருத்துற ஆன்ட்டி கேரக்டர் ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த பாகத்துல வருவாங்களா?"

எழுதியவள் கடைசி வரிசைக்கு நேராகப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"இன்னும் முடிவு பண்ணல," என்றாள். "முதல் அத்தியாயத்துலயே கொன்னுடலாமான்னு பாக்குறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கி, அந்த ஆன்ட்டி நான்தான், நிஜமாகவே இருக்கிறேன் என்றேன். நாற்பது தலைகள் திரும்பின. நான் எழுந்து நின்றேன். கண்ணாடிச் சிறுமி என் செருப்பிலிருந்து தலை வரை பார்த்தாள், பிறகு எழுதியவளைப் பார்த்து, ஆளெல்லாம் செட் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க அக்கா என்று பாராட்டினாள். எழுதியவள் மறுக்கவில்லை. புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் பிள்ளைகள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு சோதனைச்சாவடிப் பேருந்துக்கு நடந்தேன்.